தூங்குகிற பிள்ளையை எழுப்புங்கள்: வாசகர் கேள்விகள்

கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் தாயைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, பிள்ளையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தையின் குதிகாலில் ஏன் குத்துகிறார்கள், ஏன் அள்ளிக்கொண்டு போய் ட்ரிப்ஸ் போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். 26 வருடம் பச்சிளம் குழந்தைகள் வார்டிலேயே கழித்தவள் நான். இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு முழு இதழ் கொடுத்தாலும் எழுதுவேன். கிடைத்த பக்கங்களுக்குள் சொல்கிறேன்.

கேள்வி: ஆறாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எட்டாம் மாதத்திலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டேன். சிசேரியனில் பையன் பிறந்தான், 3.6 கிலோ. ஒரு மணி நேரத்தில் சுகர் 24 என்றார்கள். பால் கொடுத்த பிறகும் 22தான். குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ட்ரிப்ஸ் போட்டார்கள். இப்போது நாற்பது நாள் ஆகிறது, நன்றாக இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "வளைகாப்பில் நீ தின்ற இனிப்புதான் காரணம்" என்கிறார்கள். சிலர், "இன்சுலின் போட்டாய் அல்லவா, அது பிள்ளைக்கும் போய்ச் சுகரை இறக்கிவிட்டது" என்கிறார்கள். எது உண்மை? எனக்கு ஏறியிருந்த சர்க்கரை அவனுக்கு எப்படி இறங்கியது? பின்னாளில் மூளைக்கு ஏதாவது வருமா?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டுமே உண்மையில்லை, மகளே. முதலில் இன்சுலின் பேச்சை முடித்துவிடுகிறேன். நீ ஊசியில் போட்டுக்கொண்ட இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது சர்க்கரை மட்டும்தான். கதை தொடங்குவதே அங்கேதான்.

உன் ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது பிள்ளையின் ரத்தத்திலும் கூடும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானாகவே இன்சுலினை அதிகமாகச் சுரக்கப் பழகிக்கொள்ளும். வரும் சர்க்கரையை அந்த இன்சுலின் கொழுப்பாக்கிச் சேமிக்கும். தோள், கன்னம், வயிறு எல்லாம் திரண்டு பிள்ளை கொழுகொழுவென்று இருப்பது அதனால்தான். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார். இன்றும் உலகம் முழுவதும் அவர் சொன்னதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

தொப்புள்கொடியை வெட்டுகிறோம். உன்னிடமிருந்து போன சர்க்கரை அந்த நொடியோடு நின்றுவிடுகிறது. பிள்ளையின் கணையத்துக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். வீட்டுச் சம்ப்பை நினைத்துக்கொள். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோன பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் விட்டால் சம்ப் என்ன ஆகும்? ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தரை தட்டிவிடும். உன் பையனுக்கு நடந்தது அதுதான்.

எல்லாக் குழந்தைக்குமே பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மற்றக் குழந்தைகளுக்கு உடம்பு கொழுப்பைக் கரைத்து, கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை மூளைக்கு அனுப்பிவிடும். உன் பையன் மாதிரிக் குழந்தைக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும். இன்சுலின் அதிகமாக இருக்கும்போது கொழுப்பு கரையாது. மேலுக்குக் கொழுப்பு நிறைய இருக்கும், எடுத்துச் செலவழிக்க முடியாது. அதனால்தான் இந்தக் குழந்தைகளிடம் நாங்கள் இவ்வளவு அவசரப்படுகிறோம்.

24, பால் கொடுத்த பிறகு 22 என்றால் ட்ரிப்ஸ் போட்டது சரியான முடிவு. அவன் எடைக்கு முதலில் 10 சதவீத குளுக்கோஸ் 7 மில்லி போயிருக்கும், ஒன்றரை டீஸ்பூனுக்கும் குறைவு. அப்புறம் பம்ப் வழியாக மணிக்கு 13 மில்லி போல ஓடியிருக்கும். "சுகர் அன்று சாயந்திரமே ஏறிவிட்டதே, ஏன் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்" என்று உன் வீட்டில் கேட்டிருப்பார்கள். ட்ரிப்ஸைச் சட்டென்று நிறுத்தினால் திரும்ப இறங்கும், மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. அதனால் பாலைக் கூட்டிக்கொண்டே வந்து, சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் சுகர் பார்க்க வேண்டும். கணையம் புதுக் கணக்குக்குப் பழக ஒன்றிரண்டு நாள், சில குழந்தைக்கு மூன்று நாள்கூட ஆகும்.

இனி வளைகாப்பு. ஒரு நாள் சாப்பிட்ட மைசூர்பாகு இதைச் செய்யாது. மாதக்கணக்கில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதும், கடைசி வாரங்களிலும் பிரசவ நேரத்திலும் எவ்வளவு இருந்தது என்பதும்தான் கணக்கு. நீ ஊசி போட்டுக்கொண்டு கட்டுக்குள் வைத்ததால் இறக்கம் இந்த அளவோடு போயிருக்கிறது. மிக நன்றாகக் கட்டுப்படுத்திய தாய்மாரின் பிள்ளைகளுக்கும் இது வருவதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. பால் கொடுத்துக்கொண்டு, ராத்தூக்கம் இல்லாமல் இருப்பவளிடம் வந்து இப்படிப் பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

மூளை பற்றிக் கேட்டிருக்கிறாய். உடனே கண்டுபிடித்து, வலிப்பு எதுவும் வராமல், சில மணி நேரத்தில் சரிசெய்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள். பாதிப்பு வருவது சர்க்கரை மிகவும் கீழே இறங்கி, வெகுநேரம் அப்படியே கிடந்தால். வலிப்பும் வந்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்போம். தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடம் இந்த விவரத்தைச் சொல்லி வளர்ச்சியைப் பார்க்கச் சொல். முகம் பார்த்துச் சிரிக்கிறானா, விளக்கைக் கண்ணால் தொடர்கிறானா என்று நீயும் கவனித்து வா.

கேள்வி: மகள் பிரசவத்துக்காக ஆக்லாந்து வந்திருக்கிறேன். மகளுக்குச் சர்க்கரை உண்டு. பேத்தி பிறந்ததும் சுகர் குறைவு என்று நர்ஸ் ஏதோ பசையை எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். என்ன அது என்று மகளைக் கேட்கச் சொன்னேன், சர்க்கரைதானாம். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் கையால் சேனை வைப்பது தலைமுறை வழக்கம். சீனித்தண்ணீர் ஒரு சொட்டு தொட்டு வைக்கிறேன் என்றால் மகளே வேண்டாம் என்கிறாள். அவர்கள் தடவினால் வைத்தியம், நான் தொட்டு வைத்தால் தப்பா?
— ஒரு பாட்டி, சொந்த ஊர் காரைக்குடி

பதில்: நியாயமான கேள்வி அம்மா. உங்கள் பேத்திக்குத் தடவிய மருந்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்களே நியூசிலாந்துக்காரர்கள்தான். நீங்கள் இருக்கும் ஆக்லாந்துக்குத் தெற்கே ஹாமில்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மகப்பேறு மருத்துவமனையில் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. சர்க்கரை குறைந்த குழந்தைகளில் ஒரு பாதிக்கு இந்த ஜெல்லும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஜெல்லும் தடவினார்கள். எல்லாருக்கும் பாலும் கொடுத்தார்கள். வெறும் ஜெல் தடவிய குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்குச் சர்க்கரை சரியாகவில்லை. மருந்து ஜெல் தடவியவர்களில் அது 14 சதவீதம். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் படுக்கையிலேயே வைத்துச் செய்கிற வைத்தியம் என்பதால் எனக்கு இதன் மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

சீனித்தண்ணீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜெல் 40 சதவீத குளுக்கோஸ். குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு, கிலோவுக்கு அரை மில்லி வீதம் ஊசிக்குழாயில் அளந்து எடுப்பார்கள். கன்னத்தின் உள்தோலைத் துணியால் துடைத்துவிட்டுத் தேய்ப்பார்கள், அங்கிருந்தே நேராக ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். உடனே மார்பில் போட்டுப் பால் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் திரும்பச் சுகர் பார்ப்பார்கள். சீனியில் பாதிதான் குளுக்கோஸ். நீங்கள் தொட்டு வைக்கும் ஒரு சொட்டில் இருக்கும் சர்க்கரை குறைவை நிமிர்த்தப் போதாது. சரி, கூடக் கொடுக்கலாம் என்று சங்கில் ஊற்றிக் கொடுத்தால் அது இன்னும் மோசம். முதல் நாள் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பதே சில மில்லிதான். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் பிள்ளை மார்பைத் தேடாது. கையிலும் சங்கிலும் இருக்கும் கிருமி வேறு உள்ளே போகும். தேனை மட்டும் ஒரு வயது வரை நாக்கில் காட்டவே காட்டாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடும்.

ஆனால் உங்கள் ஆசையை நான் தள்ளிவிடமாட்டேன். மூத்தவர் கையால் முதல் சுவை என்பது அழகான வழக்கம். எங்கள் வார்டில் நான் பாட்டிமாரிடம் சொல்வது இதுதான்: சேனையைச் சீம்பாலில் வையுங்கள். மகள் மார்பிலிருந்து கையால் பீய்ச்சிய சீம்பால் ஒரு சின்னக் கரண்டியில் இருக்கும், மஞ்சளாக, நெய் மாதிரிக் கெட்டியாக. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, அந்தக் கரண்டியை நீங்கள் பிடித்து உதட்டோரத்தில் சொட்டு சொட்டாக விடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி வளர்வாள். சுகர் குறைந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதைவிட நல்ல பண்டம் வீட்டில் எதுவும் கிடையாது.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. இந்த ஜெல் நம்மிடம் எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. குளுக்கோஸ் பொடியைக் குழைத்து வீட்டில் தடவிப் பார்க்காதீர்கள். இல்லாத இடத்தில் சீம்பாலும், தேவைப்பட்டால் ட்ரிப்ஸும்தான்.

கேள்வி: குழந்தை நன்றாகத் தூங்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். பசித்தால் தானே அழாதா?
— ஒரு தந்தை, ஆம்பூர்

பதில்: அழாது தம்பி. சுகர் இறங்கிய பிள்ளை பெரும்பாலும் பசிக்கு அழாது. அதுதான் இதில் உள்ள ஆபத்தே.

1990களின் நடுவில் நான் மேற்படிப்பு மாணவி. இரவு டியூட்டி. பதினொரு மணிக்குச் சுகப்பிரசவத்தில் ஒரு ஆண் குழந்தை, 4.2 கிலோ. வார்டே வந்து பார்த்தது. சிவந்த முகம், மடிப்பு மடிப்பாகத் தொடை. பாட்டி துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, "ராசா கணக்காத் தூங்குறான் பாருங்க" என்றார். நானும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு சிஸ்டர் ஓடி வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பிள்ளையின் இடது கை விட்டு விட்டு இழுக்கிறது, வாய் எதையோ சப்புவது மாதிரி அசைகிறது, கண் ஒரே பக்கமாக நிற்கிறது. அப்போது எங்கள் வார்டில் மீட்டர் கிடையாது. ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்து, டப்பாவில் இருக்கும் வண்ணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஸ்ட்ரிப் நிறமே மாறவில்லை. நரம்பில் குளுக்கோஸ் போட்ட பிறகுதான் வலிப்பு நின்றது. பிறந்ததிலிருந்து ஐந்து மணி நேரம் அந்தப் பிள்ளை ஒரு சொட்டுப் பால் குடித்திருக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறான் என்று யாரும் எழுப்பவில்லை.

அந்தப் பையனை ஐந்து வயது வரை பார்த்துவந்தேன். நடந்தான், பேசினான். பார்வையில் குறை இருந்தது. கண் நன்றாகவே இருந்தது. பார்த்ததை உணர்கிற, மூளையின் பின்பகுதியில் அந்த இரவு பட்ட அடி. அந்தத் தாய்க்குக் கர்ப்பத்தில் ஒரு தடவைகூடச் சர்க்கரை பார்த்திருக்கவில்லை.

2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று உத்தரவு போட்டபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அதற்காக வருடக்கணக்கில் குரல் கொடுத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் வலியுறுத்திய முறை எளிமையானது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. மனைவி அந்தக் கரைசல் குமட்டுகிறது என்று சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் குடிக்க வையுங்கள்.

அதனால் தம்பி, எழுப்புங்கள். முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை, போனால் மூன்று மணி நேரம், அதற்கு மேல் விடாதீர்கள். சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு, உள்ளங்காலைத் தட்டி, முதுகைத் தடவி, தாயின் வெறும் மார்பின் மேல் போடுங்கள். அப்படியும் விழிக்காமல் துவண்டு கிடந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள். மார்பை வாயில் வைத்தும் சப்பாமல் இருப்பது, மூச்சு விட்டு விட்டு வருவது, உதடு நீலமாவது, உடம்பு சில்லிட்டுப் போவது, அழுகை கீச்சென்றோ முனகலாகவோ இருப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே.

கை கால் நடுங்கினால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நடுங்கும் கையை உங்கள் கைக்குள் மெல்லப் பிடித்து மடக்குங்கள். நின்றுவிட்டால் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் உள்ளே துடித்துக்கொண்டே இருந்தால் வலிப்பு. இரண்டுக்குமே சுகர் பார்த்தாக வேண்டும். சுகர் சரியாக இருந்து நடுக்கம் மட்டும் இருந்தால் கால்சியமும் பார்ப்போம், சர்க்கரைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதுவும் குறையும்.

கேள்வி: என் மகளுக்கு மூன்று மணி நேரத்தில் மீட்டரில் 38 வந்தது. ஒரு டாக்டர் 40க்குக் கீழே போனால்தான் குறைவு என்றார், இன்னொருவர் 45 என்றார். இணையத்தில் 47 என்று போட்டிருக்கிறது. லேபுக்கு அனுப்பிய ரத்தத்தில் 44 வந்தது. எதை நம்புவது? ஒரு நாளில் ஆறு ஏழு தடவை குத்தியிருக்கிறார்கள்.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: எதற்குக் கீழே போனால் குறைவு என்ற கோட்டுக்கு இதுதான் என்று உலகம் ஒத்துப்போன ஒரே எண் கிடையாது. அதனால் டாக்டர்கள் வேறு வேறு சொன்னது அவர்கள் தவறில்லை. நம் வார்டுகளில் 40 அல்லது 45ஐக் கோடாக வைத்திருப்போம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிமுறை நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் 25க்கும் 40க்கும் நடுவே இருந்தால் மறுபடி பால், தேவையென்றால் ட்ரிப்ஸ். 25க்குக் கீழே இருந்து, பால் கொடுத்து ஒரு மணி நேரத்தில் பார்த்தும் ஏறவில்லை என்றால் ட்ரிப்ஸ். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு அந்த எண்கள் 35, 45 என்று உயரும். அறிகுறியோடு 40க்குக் கீழே வந்தால் காத்திருக்கும் பேச்சே இல்லை, நேராக ட்ரிப்ஸ்.

நீங்கள் பார்த்த 47, பல வெளிநாடுகளில் பயன்படும் மில்லிமோல் என்ற அளவில் 2.6. அதை 18ஆல் பெருக்கினால் நம் அளவில் 47 வரும். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற உறவினர் "2.6 இருந்தது" என்று சொன்னால் இப்படிப் பெருக்கிப் பாருங்கள். நெதர்லாந்தில் 17 மருத்துவமனைகளில் 689 குழந்தைகளை வைத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு பாதிக்கு 47ஐக் கோடாகவும் மறுபாதிக்கு 36ஐக் கோடாகவும் வைத்தார்கள். ஒன்றரை வயதில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மற்றபடி ஆரோக்கியமான, ஓரளவே இறங்கிய, விடாமல் சுகர் பார்த்துவந்த குழந்தைகள் அவர்கள். "36 வரை பரவாயில்லை" என்று வீட்டில் முடிவெடுக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் மகளின் 38, 44 இரண்டுமே பொய்யில்லை. பெரியவர்களுக்காகச் செய்த சாதா மீட்டர் கீழ் எண்களில் அவ்வளவு துல்லியமாக இருக்காது. பிறந்த குழந்தையின் ரத்தம் கெட்டியானது, அதில் சில மீட்டர்கள் குறைத்தே காட்டும். மீட்டரில் குறைந்தால் லேபுக்கும் ஒரு குழாய் அனுப்புவோம். ஆனால் அந்த முடிவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டோம், பால் உடனே போகும். லேபுக்குப் போகும் ரத்தம் சாம்பல் நிற மூடிக் குழாயில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். சும்மா வைத்திருந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், எண் குறைவாக வரும்.

குத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். காலை முதலில் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்க வேண்டும். குதிகாலின் நடுவில் குத்தக்கூடாது, எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது; ஓரத்தில், வலது ஓரமோ இடது ஓரமோ. ஸ்பிரிட் தடவினால் அது காயும் வரை பொறுக்க வேண்டும், ஈரத்தோடு எடுத்தால் எண் தப்பாக வரும். பிழிந்து பிழிந்து எடுக்காமல் சொட்டு தானாகத் திரண்டு வர விட வேண்டும். குத்தும்போது குழந்தை தாயின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறையும். தாய் பக்கத்தில் இருக்கும்போது அப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. சர்க்கரைத் தாயின் பிள்ளைக்கு முதல் 12 மணி நேரமாவது பார்க்க வேண்டும், பல வார்டில் ஒரு நாள் முழுக்கப் பார்ப்போம். ஆறு ஏழு குத்து என்பது அதிகமில்லை. ஒவ்வொரு எண்ணையும் உங்களிடம் சொல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். ஒரு தாளில் மணி, பால், சுகர் என்று மூன்று கட்டம் போட்டு நீங்களே எழுதி வையுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வாரம். உணவுக் கட்டுப்பாட்டோடு இன்சுலினும் போடுகிறேன். குழந்தைக்கு இப்படி ஆகாமல் இருக்க நான் இப்போதே என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் இடத்தை முடிவுசெய்யுங்கள். பிறந்த குழந்தைக்கு எந்த நேரத்திலும் சுகர் பார்க்கவும், தேவைப்பட்டால் நரம்பில் ட்ரிப்ஸ் போடவும் வசதியுள்ள இடமாக இருக்க வேண்டும். நள்ளிரவில் 22 என்று தெரிந்து, ஆம்புலன்ஸில் இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும் நிலைமை வேண்டாம்.

பிரசவ வலி நேரத்தில் தெம்புக்கென்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள், இனிப்புக் காபி கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி மணி நேரத்தில் உங்களுக்கு ஏறும் சர்க்கரை நேராகப் பிள்ளைக்குப் போய் இன்சுலினைக் கிளப்பிவிடும். வலியின்போது உங்கள் சுகர் 70 முதல் 110க்குள் இருக்கும்படி டாக்டர் பார்த்துக்கொள்வார். பிரஷருக்கு லேபெடலால் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைக் குழந்தை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அந்த மருந்தாலும் பிள்ளைக்குச் சுகர் இறங்கலாம்.

சீம்பாலை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சர்க்கரையுள்ள, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 36 வாரத்திலிருந்து தினம் இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், கையால் பீய்ச்சச் சொன்னார்கள். அதனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ரத்தப்போக்கு, குறைமாத வலி, இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால் வேண்டாம். இரண்டு சொட்டு வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி, கை பழகிவிடும். பிறந்த அன்று அந்தப் பழக்கம் பெரிதாக உதவும்.

பிறந்ததும் துடைத்து, தொப்பி போட்டு, உங்கள் நெஞ்சின் மேல் வெறும் உடம்போடு படுக்க வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பிள்ளை தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே சர்க்கரையை எரித்துவிடும். முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப்போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். சிசேரியன் என்றால், "இன்னும் பால் ஊறவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். சீம்பால் ஏற்கெனவே ஊறித்தான் இருக்கிறது. நீங்கள் அசையாமல் படுத்திருந்தாலும் சிஸ்டரோ உங்கள் அம்மாவோ கையால் பீய்ச்சிக் கரண்டியில் எடுத்துக் கொடுக்கலாம். போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் இல்லையென்றால் டாக்டர் அளந்து சொல்லும் புட்டிப்பால் மாவை ஒன்றிரண்டு வேளை பாலாடையில் கொடுக்கலாம். அதற்காக அழாதீர்கள். சுகர் நிமிர்ந்ததும் மார்புக்குத் திரும்பிவிடுவான்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருந்ததால், பிறந்த அன்று சுகர் இறங்கிய என் பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வந்துவிட்டதா? இன்சுலின் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: இல்லை. பிறந்தபோது வந்த இறக்கம் சில நாளில் முடிந்துவிடும், அது சர்க்கரை நோய் இல்லை. ஒரு வாரம் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும், அது அரிது. பெரியவனான பிறகு உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதால் சாப்பாடு, ஓடியாடி விளையாடுவது இரண்டிலும் சின்ன வயதிலிருந்தே கவனமாக இருங்கள்.

இன்சுலினோடு தாராளமாகப் பால் கொடுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையோடும் கொடுக்கலாம். பால் கொடுப்பதால் உங்களுக்கே பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு குறையும். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நினைத்துப் பலர் அப்புறம் பார்ப்பதே இல்லை. பிள்ளைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி இருக்கிறது அல்லவா, அன்று காலை வெறும் வயிற்றோடு கிளம்பிப் போங்கள். அவனுக்கு ஊசி போடும் அதே நாளில் உங்களுக்கு அந்த 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்டையும் எடுத்துவிடலாம்.